செட்டிங்ஸும் உழைப்புதான்

கம்ப்யூட்டரை ஃபார்மேட் அடிக்க வருகிற சர்வீஸ்காரர் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் தவறாமல் ஒன்று கேட்பார்: "டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ்ல இருக்கறதையெல்லாம் டி டிரைவுக்கு மாத்திட்டீங்களா சார்? சி டிரைவ் மொத்தமா போயிடும்." பொறுப்பான கேள்வி. இந்தக் கேள்வியால் எத்தனையோ வீடுகளின் கல்யாணப் படங்களும் கடைகளின் கணக்குகளும் எழுத்தாளர்களின் பிரதிகளும் பிழைத்திருக்கின்றன.

மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தால் கோப்புகள் எல்லாம் இருக்கும். ஆனாலும் வேலை ஓடாது. தமிழ் விசைப்பலகை வேறு ஏதோ முறைக்கு மாறியிருக்கும். வேர்டைத் திறந்தால் தெரியாத எழுத்துருவில், தெரியாத வரி இடைவெளியில் வெள்ளைப் பக்கம் நிற்கும். இரண்டு எழுத்து அடித்தால் முழுச் சொல்லாக விரிந்துகொண்டிருந்தது இப்போது விரியாது. நேற்றுவரை ஒப்புக்கொண்ட ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் அடியில் சிவப்புக்கோடு ஓடும். தொலைந்துபோனது எது என்று சுட்டிக்காட்டக்கூட முடியாது. அதற்கு ஒரு பெயரோ ஐகானோ கிடையாது. அதனால்தான் அதைப் பற்றிச் சர்வீஸ்காரரும் கேட்கவில்லை, நமக்கும் சொல்லத் தோன்றவில்லை.

தமிழ்ப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் பக்கம் அமைப்பதும் என் தொழில். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நான் அழுத்தமாக நம்புகிற விஷயம் இது: முடித்த வேலை கோப்புகளில் இருக்கிறது, வேலை செய்யக் கற்றது செட்டிங்ஸில் இருக்கிறது. முதலாவதைக் காப்பாற்ற எல்லோரும் பழகிவிட்டோம். இரண்டாவதைக் காப்பாற்ற வேண்டும் என்ற நினைப்பே இன்னும் நம்மிடம் வேர்விடவில்லை.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். லிப்ரே ஆபீஸில் ஒரு சொல்லின் மேல் வலது கிளிக் செய்து "அகராதியில் சேர்" என்று சொல்கிறோம் அல்லவா, அந்தச் சொற்களெல்லாம் ஒரு சிறு கோப்பில் போய்ச் சேர்கின்றன. அதை நோட்பேடில் திறக்கலாம். மேலே தலைப்பாக இரண்டு மூன்று வரிகள், ஒரு கோடு, அதன் கீழே வரிக்கு ஒரு சொல். அவ்வளவுதான். நெல்லை வட்டார நாவல் ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்தவருடைய கோப்பைத் திறந்தால் கல்லிடைக்குறிச்சி, ஆழ்வார்குறிச்சி, திருப்புடைமருதூர் என்று தாமிரபரணி வட்டாரமே அதில் இருக்கும். கூடவே "வந்துருக்காவ", "போயிருந்தாவ" என்று பேச்சு வடிவங்கள் இருக்கும். ஈழத்துச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றும் அவர் மேசைக்கு வந்திருந்தால் "வாறன்", "கதைச்சவை" என்பவையும் பக்கத்திலேயே நிற்கும்.

தமிழில் இந்தப் பட்டியல் மெல்லத்தான் வளரும், ஆனால் நிற்காமல் வளரும். ஒரு பெயர்ச்சொல் உருபும் பின்னொட்டும் ஏற்று எத்தனையோ வடிவங்கள் எடுக்கிறது. "மதுரை"யைச் சேர்த்துவிட்டால் "மதுரையிலிருந்து" தானாக வந்துவிடாது. "மதுரைக்காரர்களுக்கும்" என்பதை வேறாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு கணம் நிறுத்தி, இது சரியான சொல்தானா, இந்த ஆசிரியர் வேண்டுமென்றே இப்படி எழுதியிருக்கிறாரா என்று யோசித்து முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவுகளின் தொகுப்புதான் அந்தக் கோப்பு. ஒரு புகைப்படத்தின் அளவில் சிறு பகுதிகூட இல்லாத அந்தக் கோப்பை இழந்தால், அதே முடிவுகளை மறுபடியும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

மென்பொருளின் தொடக்க அமைப்பு யாருக்கோ பொருந்தும்படி தயாரிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் வேலை செய்கிறவருக்கு அது ஏறத்தாழப் பொருந்தும்; இரண்டொரு இடத்தைத் திருத்திக்கொண்டால் போதும். தமிழில் வேலை செய்கிறவர் முதல் நாளிலிருந்தே மாற்றத் தொடங்க வேண்டும். வேர்டில் தமிழ் எழுத்துகள் சிக்கலான வரிவடிவம் என்ற வகையில் சேர்கின்றன. அவற்றின் எழுத்துருவும் அளவும் ஆங்கில எழுத்துருவிலிருந்து பிரிந்து தனியாக நிர்ணயிக்கப்படுகின்றன. மேல் வரியில் எழுத்துருவை மாற்றினோமே, தமிழ் ஏன் மாறவில்லை என்று பலர் திகைப்பது இங்கேதான்.

இன்டிசைனில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அதில் பத்தி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் பகுதிக்கு கம்போசர் என்று பெயர். சாதாரண கம்போசரில் தமிழ் யூனிகோடு உரையை ஓட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். "கெ" என்பது குலைந்து தெரியும். வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற மற்றொன்றைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துகள் ஒழுங்காக அமரும். 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்து இந்த வழி இந்திய மொழிகளுக்குத் திறந்தது. அதற்கு முன் தமிழ் வடிவமைப்பாளர்கள் பழைய குறியாக்க எழுத்துருக்களை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள்.

இந்தத் தேர்வை எப்போது செய்கிறோம் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆவணம் ஒன்று திறந்திருக்கும்போது மாற்றினால் அந்த ஆவணத்தோடு நின்றுவிடும். எந்த ஆவணமும் திறக்காமல், வெறும் திரையில் மாற்றினால், இனி உருவாக்கும் எல்லா ஆவணங்களுக்கும் அதுவே தொடக்கமாகும். இதைத் தெரிந்தவர் ஒருமுறை செய்துவிட்டு நிம்மதியாக இருப்பார். தெரியாதவர் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருப்பார். இந்த அறிவு பாடநூலிலிருந்து வருவதைவிடப் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதே அதிகம். அது போய் உட்காரும் இடமும் செட்டிங்ஸ்தான்.

தேடி மாற்றும் கட்டளைகளையும் சொல்ல வேண்டும். யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாக அடிக்க முடியும். "ொ" என்ற ஒரே குறியாகவும் வரலாம்; ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தேடலில் ஒன்றை அடித்தால் சில இடங்களில் மற்றது அகப்படாது. கால் வர வேண்டிய இடத்தில் ரகரத்தை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்களும் உண்டு. "பாடம்" என்பது "பரடம்" ஆகிவிடும். பல கைகளிலிருந்து பிரதிகள் வந்து சேரும் பதிப்பகத்தில் இப்படிப்பட்ட கோளாறுகளுக்கு ஆளுக்கொரு ஜாதகம் உண்டு. அவற்றைத் திருத்த எழுதும் தேடல் வரிகளை இன்டிசைன் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ள விடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பாகப் போய் உட்காரும். அனுபவமுள்ள ஒரு வடிவமைப்பாளரின் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், தமிழ் தட்டச்சில் மனிதர்கள் எங்கெல்லாம் வழுக்குவார்கள் என்பதற்கு ஒரு வரைபடமே கிடைக்கும்.

தறியில் பாவு பூட்டுவதற்கு ஆகும் நேரத்தை நெசவாளி வேலை நேரம் என்றே கணக்கிடுகிறார். முதல் இழை ஓடுவதற்கு முன்னாலேயே சேலையின் தரம் பாதி நிச்சயமாகிவிடுகிறது என்பது அவருக்குத் தெரியும். கணினியில் மட்டும் இந்தப் பூர்வாங்க வேலையை நாம் வேலையாகவே கருதுவதில்லை. அதற்கு ஒரு காரணம் அது கண்ணில் படாமல் இருப்பது.

செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதாக இல்லை. பழைய விண்டோஸில் ஐஎன்ஐ என்று முடியும் எளிய உரைக் கோப்புகள் இருந்தன. திறந்து படிக்கலாம், ஒரு ஃபிளாப்பியில் போட்டு எடுத்துப் போகலாம். 1992இல் விண்டோஸ் 3.1 ரெஜிஸ்ட்ரி என்ற பொதுக் கிடங்கைச் சிறிய அளவில் கொண்டுவந்தது; விண்டோஸ் 95 வந்தபோது அமைப்புகள் பெருமளவில் அங்கே குடியேறின. இன்று ஒரு மென்பொருளின் அமைப்புகளில் ஒரு பகுதி ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். மறு பகுதி நம் பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற இடத்தில் இருக்கும். அந்த ஆப்டேட்டா இயல்பாகவே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மேக்கிலும் அதே கதைதான்: பயனரின் லைப்ரரி ஃபோல்டரை 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து ஆப்பிள் மறைத்துவிட்டது.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் பட்டியலில் தெரியாது. அமைப்புகளை அப்படிப்பட்ட கோப்புகளில் வைப்பதே அங்கே மரபு. இந்த மரபு யாரும் திட்டமிட்டு வகுத்தது அல்ல. யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் 2012இல் இதன் பிறப்பை எழுதினார். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு நிரந்தரப் பதிவுகள் இருந்தன. பட்டியலிடும் கட்டளையில் அவை இரண்டும் தெரியாமலிருக்க, முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் விட்டுவிடு என்று சுருக்கமாக ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். அதன் விளைவாகப் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்தன. நிரலாளர்கள் அதையே வசதியாக்கி அமைப்புக் கோப்புகளை அங்கே ஒதுக்கினார்கள்.

மறைத்து வைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. தெரியாமல் கை பட்டு அழிந்துவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. ஆனால் அழியாமலிருக்க மறைத்த பொருள் மறந்துபோவதால் அழிகிறது. ஃபார்மேட் அடிக்கும் நாளில் டெஸ்க்டாப்பைப் பார்க்கிறோம், டாக்குமென்ட்ஸைப் பார்க்கிறோம்; கண்ணுக்குத் தெரியாத ஆப்டேட்டாவை யார் நினைப்பது?

இன்னொரு வழியாகவும் செட்டிங்ஸ் அழிகிறது. அது வைத்தியம் என்ற பெயரில் வருகிறது. மென்பொருள் தகராறு செய்தால் "பிரிஃபரன்ஸை டெலீட் பண்ணிட்டு மறுபடி திறங்க" என்பது நம் ஊர் டிடிபி கடைகளில் முதல் மருந்து. இன்டிசைனையும் ஃபோட்டோஷாப்பையும் திறக்கும்போது விண்டோஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தால், அமைப்புக் கோப்பை அழிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் எல்லாம் புதிதாகும். பல சமயம் கோளாறும் போய்விடும். இந்த மருந்து வேலை செய்வதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. மென்பொருள் பாதியில் முடங்கும்போது அமைப்புக் கோப்பு அரைகுறையாக எழுதப்பட்டுச் சிதையலாம். அடுத்த முறை திறக்கும்போது அந்தச் சிதைந்த வரியைப் படித்து மென்பொருள் மறுபடியும் தடுமாறும்.

நோய் ஒரு வரியில் இருக்கிறது. மருந்தோ முழுக் கோப்பையும் எடுத்துவிடுகிறது. அழிப்பதற்குப் பதிலாகப் பெயரை மாற்றி வைத்தால் அதே பலன் கிடைக்கும், எதுவும் போகாது. வேர்டின் அடிப்படை வார்ப்புருவான நார்மல் என்ற கோப்புக்குப் பின்னால் "பழையது" என்று ஒரு வால் சேர்த்துவிட்டுத் திறந்தால், வேர்டு தானே புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். கோளாறு நீங்கிவிட்டால் குற்றவாளி பழைய கோப்புதான் என்று தெரிந்துவிடும். அதிலிருந்து வேண்டியதை மெல்ல எடுத்துக்கொள்ளலாம். கோளாறு நீங்காவிட்டால் பழையதையே திரும்ப வைத்துவிட்டு வேறு காரணத்தைத் தேடலாம். அழித்திருந்தால் இந்த இரண்டு வழிகளும் அடைபட்டிருக்கும்.

லிப்ரே ஆபீஸ் இதில் பயனரை மதித்து நடந்துகொள்கிறது. 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து அதில் பாதுகாப்புப் பயன்முறை ஒன்று இருக்கிறது. கடைசியாக நன்றாக இயங்கிய நிலைக்குத் திரும்புவது, நீட்சிகளை மட்டும் முடக்குவது, அமைப்புகளை மட்டும் மீட்டமைப்பது, முழுப் பயனர் விவரத்தையும் மீட்டமைப்பது என்று படிப்படியாக வழிகளைக் காட்டுகிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, பயனர் விவரம் முழுவதையும் ஒரு ஜிப் கோப்பாக எடுத்துவைக்கும் பொத்தானும் அங்கேயே இருப்பதுதான். அழிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் காக்கும் பொத்தான். எல்லா மென்பொருள்களும் இப்படி இருக்க வேண்டும்.

பேக்கப் எடுக்கும் முறையைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஏனோதானோவென்று எடுத்த பேக்கப், எடுத்துவிட்டோம் என்ற பொய்யான நிம்மதியைத்தான் தரும்.

முதலில், மென்பொருளை மூடிவிட்டுத்தான் அமைப்பை நகலெடுக்க வேண்டும். பல மென்பொருள்கள் நாம் மாற்றியதையெல்லாம் நினைவில் வைத்திருந்து, மூடும்போதுதான் கோப்பில் எழுதுகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் அப்படித்தான்: அது ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் அமைப்புக் கோப்பில் நாம் கைவைத்தால், மூடும்போது அது தன் நினைவில் இருப்பதை மேலே எழுதி நம் திருத்தத்தை இல்லாமலாக்கிவிடும். திறந்த நிலையில் எடுத்த நகல் நேற்றைய நிலையைக் காட்டலாம். பாதி எழுதிய கோப்பாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, சில கோப்புகள் ஜோடியாகத்தான் பயன்படும். ஃபயர்ஃபாக்ஸில் கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும் அவற்றைத் திறக்கும் சாவி இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லை. இரண்டையும் எடுத்தால் இன்னொரு பொறுப்பு வந்து சேர்கிறது: முதன்மைக் கடவுச்சொல் போடாதவருடைய அந்த இரண்டு கோப்புகளும் யார் கையில் கிடைத்தாலும் அவர் எல்லாவற்றையும் படித்துவிடலாம். ஆகவே பிரவுசரின் பேக்கப்பை நண்பரின் பென் டிரைவிலோ கடைக் கணினியிலோ விட்டு வைக்கக் கூடாது. மற்ற அமைப்புகளோடு அதைக் கலக்காமல், பூட்டிய இடத்தில் தனியாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, எந்தக் கோப்பு நம்முடையது என்று பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வேர்டில் நாம் சேர்க்கும் தானியங்கித் திருத்தங்கள் மொழிக்கு ஒரு கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன. கோப்பின் பெயரில் மொழியின் எண் இருக்கும். அமெரிக்க ஆங்கிலத்துக்கு 1033, தமிழுக்கு 1097. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் 1033ஐத்தான் சொல்கின்றன. அதை அப்படியே பின்பற்றினால் ஆங்கிலத் திருத்தங்கள் பத்திரமாகப் புதுக் கணினிக்கு வரும். தமிழ் பழைய வட்டிலேயே நின்றுவிடும்.

நான்காவது, டி டிரைவைப் பற்றிய நம் நம்பிக்கை. பெரும்பாலான கணினிகளில் சியும் டியும் ஒரே வட்டின் இரண்டு பாகங்கள்தான். ஃபார்மேட்டிலிருந்து டி தப்பிக்கும். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அமைப்புக் கோப்புகள் மிகச் சிறியவை. ஒரு பென் டிரைவ், ஒரு மேகக்கணிக் கிடங்கு என இரண்டு இடங்களில் வைப்பதற்குச் செலவே இல்லை.

ஒத்திசைவு இருக்கிறதே, சிங்க் ஆன் செய்தாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் நிரலாளர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோடும் அமைப்புகளைக் கணக்கோடு இணைத்து எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுபோகின்றன. அருமையான வசதி. ஆனால் ஒத்திசைவின் கடமை எல்லா இடங்களையும் ஒரே மாதிரி வைத்திருப்பது. ஓரிடத்தில் தவறுதலாக அழித்தால் அந்த அழிவையும் அது விசுவாசமாக எல்லா இடங்களுக்கும் கொண்டுபோகும். பேக்கப்பின் கடமை வேறு: போன மாதம் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டுவது. அதனால் தேதியிட்ட நகல்கள் வேண்டும், பழையதன் மேல் புதியதை எழுதிவிடக் கூடாது.

பேக்கப் எடுப்பதைவிட மீட்டெடுப்பதற்குத்தான் நிதானம் அதிகம் வேண்டும். புதுக் கணினி வந்த உற்சாகத்தில் பழைய ஃபோல்டரை அப்படியே தூக்கிப் போட்டால், பழைய கோளாறும் பத்திரமாகக் குடியேறிவிடும். எனக்கு ஒரு வரிசை பழகிவிட்டது. முதலில் எழுத்துருக்களை நிறுவுவேன். அவை இல்லாமல் அமைப்பைக் கொண்டுவந்தால் மென்பொருள் வேறு எழுத்துருவைப் பதிலியாக வைத்துக்கொள்ளும், பக்கங்கள் நகர்ந்துவிடும். பிறகு விசைப்பலகை. தமிழ்99 என்றால் தமிழ்99 என்று இயங்குதளத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற விசைப்பலகை அது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக வைத்துக்கொள்ளும் அதன் வசதிக்குப் பழகிய விரல்கள் வேறு முறையில் ஒரு பத்தியைக்கூடத் தாண்டாது. அதன் பிறகு அகராதி, தானியங்கித் திருத்தங்கள், தேடல் வரிகள். இவையெல்லாம் தனித்தனிக் கோப்புகள். மென்பொருளின் பதிப்பு மாறினாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். குறுக்கு விசைகளும் திரை ஒழுங்கும் கடைசியில்.

ஒவ்வொன்றையும் வைத்த பிறகு மென்பொருளைத் திறந்து, ஒரு பழைய புத்தகத்தின் அத்தியாயத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். வரிகள் பழைய இடத்தில் முறிகின்றனவா என்று பார்த்தாலே பல விஷயங்கள் தெரிந்துவிடும். தகராறு வந்தால் கடைசியாக வைத்தது எது என்று நமக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் மீட்டெடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பழைய மென்பொருளின் குறையைச் சமாளிக்கச் செய்த மாற்றம் புதிய பதிப்பில் தேவைப்படாமல் போகலாம். பழைய குறியாக்கக் காலத்தில் எழுதிய மாற்றுவரி யூனிகோடு உரையைக் கெடுக்கலாம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டுமானால், அதை ஏன் செய்தோம் என்று நினைவிருக்க வேண்டும். அது நினைவில் நிற்பதில்லை. ஆகவே எழுதிவைக்க வேண்டும்.

இந்த இடத்தில் நிரலாளர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. விம், ஈமேக்ஸ் போன்ற எடிட்டர்களைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் அமைப்புக் கோப்புகளை மூல நிரலைப் போலவே பேணுகிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே, இதை எதற்காகச் சேர்த்தேன் என்று குறிப்பு எழுதுகிறார்கள். கிட் போன்ற கருவியில் வைத்து, என்றைக்கு எது மாறியது என்று பார்க்கிறார்கள். கிட்ஹப்பில் பொதுவில் வைத்துப் பிறர் படிக்கவும் விடுகிறார்கள். புதிதாக அந்தத் துறைக்கு வருகிற இளைஞர் ஒருவர், தான் மதிக்கும் நிரலாளரின் அமைப்புக் கோப்பை வரிவரியாகப் படித்துத் தொழில் கற்றுக்கொள்ளலாம். இதெல்லாம் நடப்பதற்குக் காரணம், அந்தக் கோப்புகள் மனிதர் படிக்கும் உரையாக இருப்பது.

நம் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் இந்தப் பழக்கம் வரவில்லை. டிசம்பரில் சென்னைப் புத்தகக் காட்சிக்கான வேலை நெருக்கும்போது ஒரு கணினி படுத்துவிட்டால், பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து அதே வேகத்தில் வேலையைத் தொடர முடிவதில்லை. அந்தக் கணினியின் ஒழுங்கு வேறு; அதில் வேலை செய்தவர் கற்றது வேறு. ஒரே கூரையின் கீழ் இருவர் ஒரே தவற்றைத் திருத்த இரண்டு தேடல் வரிகளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருப்பார்கள். ஒருவருடையது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. மூத்த வடிவமைப்பாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய கணினியை ஃபார்மேட் அடித்துப் புதிதாக வருகிறவரிடம் கொடுக்கிறார்கள். அவர் முடித்த புத்தகங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். அந்தப் புத்தகங்களைப் பிழையில்லாமல் முடிக்க அவர் சேர்த்துவைத்திருந்த அகராதியும் தேடல் வரிகளும் அன்றோடு தீர்ந்துவிடும். அவருக்குப் பின் வருகிறவர் "பரடம்" என்பதை மறுபடியும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. தமிழ் கணினிக்குள் வந்தது பெரும்பாலும் தனிமனிதர்களும் சிறு குழுக்களும் பட்ட பாட்டினால். எழுத்துரு செய்தவர்கள், விசைப்பலகை செய்தவர்கள், குறியாக்கத்துக்காக வாதாடியவர்கள் என்று அவர்களில் சிலரையாவது நமக்குத் தெரியும். அவர்கள் கொடுத்ததை அன்றாட வேலைக்கு ஏற்றபடி பதப்படுத்தியவர்கள் மெய்ப்புத் திருத்துகிறவர்களும் பக்கம் அமைக்கிறவர்களும் தட்டச்சு செய்கிறவர்களும். அவர்களுடைய பங்களிப்புக்கு நூல் வடிவமோ பெயரோ கிடையாது. ஆப்டேட்டாவின் அடியில் சில சிறிய கோப்புகளாகத்தான் அது இருக்கிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. நம் ஊரில் எத்தனையோ அலுவலகங்களும் கடைகளும் இந்தச் சமயத்தில்தான் கணினி மாற்றுகின்றன. பழைய வட்டுகள் துடைக்கப்படும், எடைக்குப் போகும். மாற்றுகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். துடைப்பதற்கு முன் மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டு என்று விண்டோஸிடம் சொல்லுங்கள். நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருள்களின் ஃபோல்டர்களைத் தேடி, மூடிய நிலையில் நகலெடுங்கள். அகராதிக் கோப்பை ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள்; நீங்கள் எத்தனை ஆண்டு என்ன வேலை செய்திருக்கிறீர்கள் என்பது தெரியும். பிறகு ஒரு வெற்றுக் கோப்பில், எந்த மென்பொருளில் எதை மாற்றினீர்கள், எதற்காக மாற்றினீர்கள் என்று உங்கள் பேச்சுமொழியிலேயே எழுதி அந்த ஃபோல்டரில் போடுங்கள்.

பதிப்பகம் நடத்துகிறவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். ஒரு புத்தகம் அச்சுக்குப் போகும்போது அதன் இன்டிசைன் கோப்பையும் எழுத்துருக்களையும் பிடிஎஃபையும் சேர்த்து வைக்கிறீர்கள். அதே ஃபோல்டரில் அந்தப் புத்தகத்துக்காக உருவான அகராதியையும் தேடல் வரிகளையும் சேர்த்து வையுங்கள். வடிவமைப்பாளர்கள் ஒருவருடைய வரிகளை மற்றவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை அலுவலகத்தில் உண்டாக்குங்கள். வட்டார அகராதி ஒன்று உங்கள் வேலைக்கூடத்தில் தானாகவே உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைச் சேர்த்துவைத்தால், அடுத்த நெல்லை நாவல் வரும்போது மெய்ப்புத் திருத்துகிறவர் கல்லிடைக்குறிச்சியைக் கணினிக்கு மறுபடி அறிமுகம் செய்ய வேண்டியிராது. அந்த நேரத்தை அவர் நாவலைப் படிப்பதற்குச் செலவிடலாம். மெய்ப்புத் திருத்துகிறவரின் கவனம் போக வேண்டிய இடம் அதுதான்.